என் நாய் கொடிக்கு வாங்கிய பெல்ட்டும், பணம் கட்டிய ஆறு வகுப்பும்

ஆறு வகுப்புக்குப் பணம் கட்டினேன், ஐந்துதான் நடந்தது. அந்தக் கதை கடைசியில் வருகிறது. முதலில் நாயைச் சொல்லிவிடுகிறேன். இந்த பெல்ட்டும் கயிறும் எந்த நாய்க்கு வாங்கியது என்று தெரியாமல் படித்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

செங்கோட்டையில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் என் மகன் கோவில்பட்டிப் பக்கத்துக் கூட்டாளி வீட்டிலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான். பெட்டை, செவலை நிறம், இடுப்பு ஒரு கைப்பிடி. அதைப் பார்த்துத்தான் அத்தை ‘கொடி’ என்று பேர் வைத்தார்கள். மகன் நாலு நாளில் விடுதிக்குப் போய்விட்டான். குட்டி என் பொறுப்பு.

தடுப்பூசியெல்லாம் முடிந்து தை மாதம் தெருவில் இறக்கினேன். தென்காசியில் ஒரு கடையில் வாங்கிய சிவப்பு நைலான் பெல்ட், மணி வைத்தது, 150 ரூபாய். மூன்றாவது நாள் கொல்லம் ரோட்டோரம் நடக்கும்போது மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. கொடி முன்னால் ஓடவில்லை. பின்னால் ரெண்டு எட்டு வைத்தாள், தலையைக் குனிந்தாள், அவ்வளவுதான். என் கையில் கயிறு, கயிற்று நுனியில் பெல்ட், பெல்ட்டுக்குள் காற்று. அவள் வயலுக்குள் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக வீட்டுத் திண்ணைக்கு வந்து படுத்திருந்தாள். நான் அதற்குள் நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை.

அந்தக் கடைக்காரர் மேல் தப்பில்லை, அந்த பெல்ட் லேப்ரடாருக்குச் சரியாக இருக்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி ஓட்ட நாய்களில் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஏறக்குறைய கழுத்தின் அகலம்தான். கழுத்தில் விரல் நுழையும் அளவுக்கு மாட்டினால் தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும். உருவாத அளவுக்கு இறுக்கினால் மூச்சு முட்டும். மார்பு அளவு எடுத்துவிட்டு அதே அளவில் கையும் தைக்க முடியுமா? இதை எனக்கு யாரும் கடையில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாதத்தில் மூன்று சாமான் வாங்கி மூன்றையும் மூலையில் போட்டேன். முதலாவது, வீட்டுக்காரர் வாங்கி வந்த சுருக்குச் சங்கிலி. ‘இழுத்தா இறுகும், தானா நிப்பா’ என்றார். இறுகியது, இழுப்பு நிற்கவில்லை, இருமல்தான் வந்தது. ஊசி போட்ட டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் கழுத்தில் மூச்சுக்குழாய்க்கும் தோலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இதை மாட்டினீர்கள் என்று கேட்டார். அன்றோடு கழற்றியாயிற்று.

அடுத்தது மகன் ஆன்லைனில் அனுப்பிய, டேப் மாதிரி நீளும் கயிறு. பிளாஸ்டிக் பிடி, உள்ளே 5 மீட்டர். பார்க்க வசதி. ஆனால் யோசித்துப் பாருங்கள், அதில் கயிறு எப்போதும் விறைப்பாகத்தான் இருக்கும், நாய் இழுத்தால் இன்னும் நீளும். இழு, கிடைக்கும் என்று ஒவ்வொரு எட்டிலும் அதுவே பாடம் நடத்துகிறது. ஒரு நாள் பிடி கை நழுவி விழுந்து, தரையில் தடதடவென்று கொடியைத் துரத்திக்கொண்டே போனது. அவள் பயந்து ஓட ஓட அதுவும் ஓடுகிறது. அப்புறம் ஒரு வாரம் வாளி உருண்டால்கூட நடுங்கினாள். 899 ரூபாய்க்கு வாங்கிய பயம்.

மூன்றாவது ஹார்னஸ், கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் வார், கொக்கி மார்பில் வரும். அதைக் குறை சொல்ல மனசில்லை. இழுத்தால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், கழுத்தில் பாரம் இல்லை. ஆனால் கொடிக்கு ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, முடி குட்டையான தோல். முன்னங்கால் இடுக்கில் உரசி ரெண்டே நாளில் சிவந்துவிட்டது. நானே பிரித்து உள்ளே காடாத்துணி வைத்துத் தைத்தும் சரிவரவில்லை. கட்டை குட்டையான நாய் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

இனி உருப்படியான ரெண்டு சாமான்.

ஒன்று மார்ட்டிங்கேல் பெல்ட், ஒன்றரை அங்குல அகலம், 450 ரூபாய். பேர் குதிரைச் சேணத்திலிருந்து வந்ததாம். அமைப்பு இப்படி: கழுத்தைச் சுற்றி ஒரு பெரிய வளையம், அது முழு வட்டமில்லை, ரெண்டு முனையிலும் ஒரு இரும்புச் சட்டம். அந்த ரெண்டு சட்டத்துக்குள்ளும் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன நாடா வளையம். கயிற்றை மாட்டுவது சின்ன வளையத்தில். நாய் பின்வாங்கினால் சின்ன வளையம் இழுபட்டுப் பெரிய வளையத்தின் ரெண்டு முனையையும் கிட்டே கொண்டுவரும். பாவாடை நாடாவை இழுத்தால் சுருங்குகிற மாதிரிதான். சுருக்குச் சங்கிலி முடிவில்லாமல் சுருங்கும் நாடா, இது ஒரு இடத்தில் முடிச்சுப் போட்ட நாடா. தலை உருவாத அளவுக்கு இறுகும், அதற்கு மேல் இறுகாது. கயிறு தளர்ந்ததும் பெல்ட்டும் தளர்ந்துவிடும்.

அளவு வைப்பதில்தான் எல்லாரும் தப்புப் பண்ணுவார்கள், நானும் பண்ணினேன். முழுக்க இழுத்துப் பிடிக்கும்போது ரெண்டு இரும்புச் சட்டமும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. நடுவில் ரெண்டு விரல் இடம் இருக்க வேண்டும். முட்டினால் பெல்ட் பெரிது, இறுக இடமில்லாமல் அதுவும் உருவிவிடும். மாட்டும் இடம் கழுத்தின் அடியில் தோளுக்குப் பக்கத்தில் இல்லை, காதுக்குப் பின்னால், கழுத்து ஒல்லியாக இருக்கிற உச்சியில். நான் வாங்கியதில் பக்கிள் கிடையாது, தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். அதனால் கழுத்தை மட்டுமில்லாமல் தலையின் அகலமான இடத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும். சின்ன வளையம் கேட்டுக் கம்பியிலோ வேலியிலோ மாட்டினால் ஆபத்து.

குறை இருக்கிறது. உள்பக்கம் சாட்டின் வைத்திருக்கிறார்கள், மெத்தென்று இருக்கிறது, ஆனால் ஓரத்தை மடித்து அடிக்கவில்லை. ஒரு மாதத்தில் நூல் பிரிந்து வந்தது. இரும்புச் சட்டம் சாரலில் நனைந்து துருப்பிடித்து, செவலைக் கழுத்தில் ஒரு காவிக் கோடு. எங்கள் ஊரில் ஆனி ஆடி என்றால் குடை மடக்கவே நேரமிருக்காது. துருப்பிடிக்காத உலோகம் என்று போட்டிருந்தால் இன்னும் 100 ரூபாய் கொடுத்தே வாங்குங்கள்.

இன்னொன்று 6 அடிக் கயிறு. கயிறு என்கிறேன், பருத்தி நாடா, ஒரு அங்குல அகலம், 380 ரூபாய். நைலான் கையை அறுக்கும், வேர்த்தால் வழுக்கும். பருத்தி நாடா நவார்க் கட்டில் நாடா மாதிரி கைக்கு ஒட்டும். நான் வாங்கும்போது முதலில் பார்த்தது தையலை. கொக்கி வரும் இடத்தில் நாடாவை மடித்துச் சதுரமாக அடித்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் நம்பலாம். வெறும் நேர்த்தையல் ரெண்டு வரி என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாய் ஒரு வெட்டு வெட்டினால் பாரம் முழுக்க முதல் நூலில் விழும், அது விட்டால் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகும். என் கயிற்றில் தையல் அருமை, கொக்கிதான் சோதா. ஸ்பிரிங் மூன்றாவது வாரம் திரும்பி வர மறுத்தது. பிரித்துவிட்டுப் பித்தளைக் கொக்கி ஒன்றை நானே வைத்துத் தைத்தேன். எல்லாரிடமும் மெஷின் இருக்காது, அதனால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் வாங்கி மாட்டினால் நாய் நிதானமாக நடக்கும் என்றா நினைக்கிறீர்கள்? உருவிக்கொண்டு ஓடாது. அவ்வளவுதான். இழுப்பு அப்படியே இருந்தது. தையல்காரிக்கு வலது தோள்தான் சொத்து. ராத்திரி தைலம் தேய்க்காமல் தூக்கம் இல்லை. ‘நாட்டு நாய்க்கு எதுக்குப் பள்ளிக்கூடம்’ என்று தெருவே சிரித்தாலும் பரவாயில்லை என்று வைகாசியில் வகுப்புக்குச் சேர்ந்தேன்.

பயிற்சி கொடுப்பவர் கேரளத்தில் புனலூர்ப் பக்கத்துக்காரர். வாரம் ஒரு நாள் மலை தாண்டி ரயிலில் இந்தப் பக்கம் வந்து நாலைந்து வீட்டு நாய்களைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு வகுப்பு 45 நிமிஷம், 500 ரூபாய், ஆறுக்கும் முன்பணம். தமிழ் புரியும், பேச வராது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர், அத்தை தலைமுறைக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. நான் வாக்கப்பட்டு வந்தது சங்கரன்கோவிலில் இருந்து. எனக்கு அவர் பேச்சில் பாதிதான் பிடிபடும்.

முதல் நாள் நான் கொடியைத் தெருவில் ரெண்டு நடை நடத்திக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர், “வலிக்குன்னது பட்டியல்லா சேச்சீ, சேச்சியாணு” என்றார். நான், “ஆமாண்ணே, ராத்திரியெல்லாம் தோளு ஒரே வலி” என்றேன். திண்ணையிலிருந்து அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பதாம். இழுக்கிறது நாயில்லை, நீதான் என்று அந்த மனுஷர் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. காசு கொடுத்துக் கூப்பிட்டால் என்னையே குறை சொல்கிறாரே! ஆனால் அவர் நிரூபித்துவிட்டார். கயிற்றின் ஒரு நுனியை என் கையில் கொடுத்து, மறு நுனியை மெதுவாக இழுத்தார். நான் யோசிக்காமலே பின்னால் சாய்ந்தேன். யார் இழுத்தாலும் உடம்பு எதிர்ப்பக்கம்தான் போகும். நான் பயத்தில் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் குட்டையாகப் பிடித்திருந்தேன், அவள் கழுத்தில் எப்போதும் ஒரு இழுப்பு இருந்துகொண்டே இருந்தது, அதை எதிர்த்து அவள் முன்னால் சாய்ந்தாள். இது எனக்குத் தெரியாத விஷயமா? புதிதாகத் தைக்க வரும் பிள்ளைகள் துணியைப் பின்னாலிருந்து இழுப்பார்கள், ஊசி ஒடியும். துணியை இழுக்காதே, அடியில் இருக்கும் பல் தள்ளுகிற வேகத்துக்குக் கையை விடு என்று இருபது வருஷமாக நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த நாள் வகுப்பில் பெல்ட்டே போடவில்லை. கொல்லையில் அவள் பாட்டுக்குத் திரியவிட்டு, என் இடது பக்கம் தற்செயலாக வந்து நிற்கும்போதெல்லாம் அவித்த கோழி ஈரல், பட்டாணி அளவு. அதையும் நீட்டிக் கொடுக்கக் கூடாது, என் காலை ஒட்டிக் கொடுக்க வேண்டும். எங்கே சோறு கிடைக்குமோ அந்த இடம் நாய்க்குப் பிடித்துப்போகும். சேலை கட்டியிருந்தேன், அவள் ஈரலை விட்டுவிட்டுக் கொசுவத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். மறுநாளிலிருந்து சுடிதார். இது மாதிரி சின்ன விஷயத்தை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை.

ரெண்டாவது வாரம் கயிறு. அவருடைய விதி ஒன்றே ஒன்று: கயிறு தூளி மாதிரித் தொங்க வேண்டும். தொங்கினால் நடை, விறைத்தால் நில். திட்டக் கூடாது, சுண்டக் கூடாது, பேர் சொல்லி அதட்டக் கூடாது, மரம் மாதிரி நிற்க வேண்டும். அவளே திரும்பிப் பார்த்தோ ஒரு எட்டு பின்னால் வந்தோ கயிறு தொய்ந்த அந்த நொடி மறுபடி நடை. எங்கள் வீட்டிலிருந்து தெருமுனை வரை நாற்பது எட்டு இருக்கும். முதல் நாள் அதைக் கடக்க 22 நிமிஷம். ரவிக்கை அளவு கொடுக்க வந்த அக்கா ஒருத்தி, “என்னட்டி, கரண்ட் அடிச்ச மாதிரி நிக்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். நாலாம் நாள் 9 நிமிஷம். பத்தாம் நாள் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது வகுப்புதான் என் பணத்துக்கு முழுசாக ஈடு கொடுத்தது. அதுவரை கேட்டதெல்லாம் எந்த நாய்க்கும் பொருந்தும், தேடினால் இலவசமாகவும் கிடைக்கும். ஓட்ட நாய் மூக்கால் வேட்டையாடும் ஜாதி இல்லை, கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. முயல் வேட்டைக்கென்று வளர்த்த பரம்பரை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம், நாயின் கண்ணுக்கு அது தெரியாது. தூரத்தில் ஒரு கோழி ஓடினால் போதும், ஈரலை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் திரும்பாது. அவர் காட்டியது அதற்கு முந்தின ஒரு நொடியை. முதலில் காது முன்னால் வரும், கழுத்து நீளும், அப்புறம் உடம்பு முழுக்க ஒரு கணம் கல்லாகும். கல்லான பிறகு கூப்பிட்டால் வீண். காது திரும்புகிற அந்த நேரத்தில், “கூட வா” என்று சொல்லித் திரும்பி எதிர்ப்பக்கம் நடந்துவிட வேண்டும், வந்ததும் ஈரல். அதற்கு நான் அவளைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு இல்லை. தூரமும் முக்கியம். கோழிக்கு முப்பது அடியில் காது கேட்காத நாய் அறுபது அடியில் கேட்கிறது. அறுபதில் ஒரு வாரம், அப்புறம் ஐம்பது என்று கிட்டே போக வேண்டும்.

நாலாவதில் மோப்பத்தைச் சம்பளமாகக் கொடுக்கச் சொன்னார். இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை தொங்கும் கயிற்றில் வந்தால், “போ, மோந்துக்கோ”. ஈரல் செலவு பாதியாகக் குறைந்தது.

ஐந்தாவது, தெருநாய்களும் புரோட்டாக் கடையும். எங்கள் பக்கம் புரோட்டாக் கடைக்குப் பஞ்சமில்லை, ராத்திரி கடை மூடினால் காலையில் ரோட்டோரமெல்லாம் கோழி எலும்பு. வெந்த எலும்பு ஒடிந்து குடலைக் குத்தும் என்பதால் எனக்கு அந்த இடம் வந்தாலே கை இறுகும். தெருநாய் எதிரே வந்தாலும் அதே கதை. கை இறுகினால் கயிறு வழியாக அவளுக்குச் சேதி போய்விடுகிறது, என்னமோ ஆபத்து என்று அவளும் விறைக்கிறாள். நேருக்கு நேர் போகாமல் வில் மாதிரி வளைந்து போ, மூச்சை விடு, கயிற்றை விடு என்றார். மூச்சை விடச் சொன்னதற்கெல்லாம் 500 ரூபாயா என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அந்த வளைவை நானே யோசிக்காமல் போடுகிறேன்.

ஆறாவது வகுப்பன்று ஆனி மாதக் காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையும் சேர்ந்துகொண்டது, அவர் வரவில்லை. அடுத்த வாரம் என்றார், அடுத்த வாரம் வேறு காரணம். அப்புறம் போன் எடுப்பது குறைந்தது. 500 ரூபாய் திரும்பி வரவில்லை. அவர் வேலையில் எனக்குக் குறையில்லை, ஆனால் முன்பணம் முழுசாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், வந்த அன்றன்றைக்குக் கொடுங்கள். 45 நிமிஷத்தில் பத்து நிமிஷம் போனில் பேசுவார், அதையும் கணக்கில் வையுங்கள். இந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன், கடைசிவரை தரவில்லை. நான் மலையாளம் பாதி புரிந்து, ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கம் தமிழில் எழுதிவைத்துக்கொண்டேன்.

இன்னொரு பெரிய குறை, வீட்டில் மற்றவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்காதது. சாயங்காலம் அத்தைதான் கொடியை வாசலுக்குக் கூட்டிப் போவார்கள். அவள் இழுத்தால், “போகட்டும் பாவம்” என்று கூடவே ஓடுவார்கள். காலையில் இழுத்தால் நடை நிற்கிறது, சாயங்காலம் இழுத்தால் நினைத்த இடத்துக்குப் போகக் கிடைக்கிறது. எப்போதாவது பலிக்கும் என்று தெரிந்தால் நாய் விடாமல் முயற்சி பண்ணும். சீட்டாடுகிறவன் மாதிரி. அத்தையிடம் சொன்னால், “அப்போ கட்டிப் போடு, எங்க காலத்துல யாரு நாயை நடத்துனா?” எங்கள் கொழுந்தன் கோர்ட்டில் குமாஸ்தா. அவன்தான் மடக்கினான்: 1960-லேயே வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், எந்நேரமும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம் என்று இருக்கிறதாம். “யம்மா, பேத்தியக் கட்டிப் போட்டேன்னு உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க” என்றான். அன்றிலிருந்து அத்தையும் கயிறு விறைத்தால் நிற்கிறார்கள். “ஏட்டி, நில்லு” என்று ஒரு அதட்டு போடுவார்கள், அது பாடத்தில் இல்லாதது, விட்டுவிட்டேன்.

இப்போது கொடிக்குப் பத்தாவது மாதம், 14 கிலோ. காலையில் முதலில் அண்ணாச்சி ஒருவரின் சுற்றுச்சுவர் போட்ட மாந்தோப்பில் அஞ்சு நிமிஷம் அவிழ்த்துவிடுகிறேன். வெறி பிடித்த மாதிரி நாலு சுற்று ஓடுவாள், அதற்குப் பிறகு கயிற்றில் பூ மாதிரி வருவாள். ஓடவிடாமல் நேரே கயிற்றில் போட்டால் பாதி பாடம் மறந்துவிடுகிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் எல்லாமே மறந்துவிடுகிறது, அன்றைக்குக் கொல்லையோடு சரி. லாரிக்கு உட்கார்ந்துவிடுகிறாள். கோழிக்கு இருபது அடி வரை வந்தாயிற்று. வயலில் மயில் நின்றால் மட்டும் இன்றைக்கும் கல்தான். அந்தப் பாதையை நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

பெல்ட்டுக்கு ஐந்துக்கு நாலு, கயிற்றுக்கு மூன்று, வகுப்புக்கு நாலு. வாங்கும்போது 28 சென்டிமீட்டர் இருந்த கழுத்து இப்போது 33. இரும்புச் சட்டங்கள் எட்டப்போய் பெல்ட்டின் கடைசித் துளி நீளத்தில் நிற்கிறது. அடுத்ததை நானே தைத்துவிடலாம் என்று நாடா, உள்ளே வைக்கப் பருத்தித் துணி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றரை அங்குலத்தில் துருப்பிடிக்காத செவ்வகச் சட்டம் ரெண்டு மட்டும் கிடைக்கவில்லை. தென்காசியிலும் புளியரையிலும் கேட்டுப் பார்த்தாயிற்று, பை தைக்கும் சாமான் கடையில் ஒரு அங்குலம்தான் இருக்கிறது. கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.